கயிற்றை இழுக்கும் முன்: புல் வெட்டும் தொழிலில் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

சிட்னியின் மேற்குப் புறநகர்களில் ஒன்பது வருடமாகப் புல் வெட்டிப் பிழைக்கிறேன். முதல் வருடம், மழை விட்ட ஒரு ஜனவரிக் காலை. கிகுயு புல் முழங்கால் உயரம் நின்றது, அடியில் சொதசொதவென்று ஈரம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மோவரின், அதாவது புல்வெட்டும் இயந்திரத்தின், வாய் அடைத்துக்கொண்டது. எஞ்சினை நிறுத்தினேன், குனிந்து கையை உள்ளே விட்டேன். ஈரப் புல் உருண்டையை இழுத்ததும் கத்தி கால் சுற்றுச் சுற்றியது. கையுறையின் நடுவிரல் நுனி கிழிந்து தொங்கியது. நல்லவேளை, விரலில் ஒரு கீறலோடு போயிற்று.

நின்றுபோன எஞ்சினில் கத்தி எப்படி நகர்ந்தது? புல் அடைத்து நிற்கும்போது சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்பட்ட நிலையில் பிஸ்டன் பாதியில் நின்றிருக்கும். அடைப்பை எடுத்ததும் அந்த அழுத்தம் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் கத்தியைத் தள்ளும். ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்காமல் இருந்தால், கத்தியைக் கையால் சுற்றும்போது எஞ்சின் ஒருமுறை பற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது.

புல் வெட்டிக்கொண்டே நடக்கும்போது நாம் கவனமாகத்தான் இருக்கிறோம். அடைப்பு எடுப்பது, பெட்ரோல் ஊற்றுவது, மோவரை இறக்குவது, ‘இந்த ஒரு கிளையை மட்டும்’ என்று ஏணியில் ஏறுவது, இப்படி ‘ஒரு நிமிஷ வேலை’களில்தான் ஆள் மாட்டிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த வழிகாட்டியை வேலை நாளின் வரிசையிலேயே எழுதுகிறேன். சட்டம் பற்றிய விவரங்கள் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்கானவை. குயின்ஸ்லாந்து போன்ற மாநிலங்களில் பெரும்பாலும் இதே மாதிரிச் சட்டம்தான். விக்டோரியாவில் மட்டும் 2004ஆம் ஆண்டின் தனிச் சட்டம் நடக்கிறது.

முதல் படி: சட்டத்தின் கண்ணில் நீங்கள் யார்

‘நான் தனி ஆள், ஒரு மோவர், ஒரு யூட் (பின்னால் திறந்த தட்டுள்ள வண்டி), எனக்கு எதற்கு வேலையிடப் பாதுகாப்புச் சட்டம்’ என்று கேட்பவர்கள் உண்டு. 2011இல் இயற்றி 2012 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டத்தில் முதலாளி, தொழிலாளி என்பதைவிட ‘தொழில் நடத்துபவர்’ என்ற சொல்தான் முக்கியம். ஏ.பி.என். என்ற தொழில் பதிவு எண் வாங்கி ஒற்றை ஆளாகப் புல் வெட்டினாலும் நீங்கள் தொழில் நடத்துபவர்தான். நியாயமாக எவ்வளவு செய்ய முடியுமோ அவ்வளவு பாதுகாப்பும் செய்தாக வேண்டும். உங்களுக்கு மட்டும் அல்ல, வீட்டுக்காரருக்கும், நடைபாதையில் தள்ளுவண்டியோடு போகும் அம்மாவுக்கும், பக்கத்து வீட்டு நாய்க்குட்டியைத் துரத்தி ஓடிவரும் பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

அப்புறம், ‘தொழிலாளி’ என்ற சொல்லும் அந்தச் சட்டத்தில் அகலமானது. சனிக்கிழமை கைச்செலவுக்கு உதவ வரும் அக்கா மகன், துணை ஒப்பந்தக்காரர், பயிற்சிக்கு வரும் மாணவர் எல்லோரும் அதில் அடக்கம். ‘அவன் நம்ம பையன், சும்மா கூட வந்தான்’ என்பது விபத்துக்குப் பிறகு எடுபடாது.

காப்பீட்டிலும் ஒரு குழப்பம் உண்டு. ஆள் வைத்து வருடத்துக்கு 7,500 டாலருக்கு மேல் சம்பளம் கொடுத்தால் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு கட்டாயம். பழகுநர் ஒருவரை வைத்தால் தொகை எவ்வளவு என்ற கேள்வியே இல்லை, கட்டாயம்தான். ஆனால் தனி ஆளாக உழைக்கும் உங்களை அந்தக் காப்பீடு காக்காது. உங்கள் கை ஒடிந்து எட்டு வாரம் படுத்தால் சோறு போட, வருமானப் பாதுகாப்போ தனிநபர் விபத்துக் காப்பீடோ நீங்களாக எடுத்திருக்க வேண்டும். பொதுப் பொறுப்புக் காப்பீடு வேறு. கல் தெறித்து அடுத்தவர் கார்க் கண்ணாடி உடைந்தால் அது பார்த்துக்கொள்ளும். வீட்டு முகவர்களும் அடுக்குமாடிச் சங்கங்களும் 1 கோடி அல்லது 2 கோடி டாலருக்கான பத்திரத்தைக் கேட்பது வழக்கம்.

இரண்டாம் படி: விலை சொல்லப் போகும்போதே ஆபத்தைப் பாருங்கள்

புதிய வீட்டுக்கு விலை சொல்லப் போகும்போது பெரும்பாலோர் புல்லின் பரப்பை மட்டும் கண்ணால் அளப்பார்கள். நான் ஒரு சுற்று நடந்து இன்னும் சிலவற்றைப் பார்ப்பேன். சரிவு எவ்வளவு, தடுப்புச் சுவரின் விளிம்பு எங்கே முடிகிறது, நீச்சல் குளத்தின் ஓரம் வழுக்குமா, நாய் கட்டப்பட்டிருக்கிறதா, தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா, வேலி எதனால் ஆனது.

கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே பழைய வீடுகளில் சாம்பல் நிறத்தில் அலையலையாக நிற்கும் வேலி பல இடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட். ஆஸ்பெஸ்டாஸுக்கு நாடு முழுக்க முழுத் தடை வந்தது 2003 டிசம்பர் 31 அன்று. 1990க்கு முன் கட்டிய வீடு என்றால் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். வேலி சும்மா நின்றால் பெரிய தொல்லை இல்லை. ஆனால் நைலான் கயிறு சுழன்று ஓரப் புல்லை நறுக்கும் விப்பர் ஸ்னிப்பரை வேலியின் அடியில் ஒட்டிப் பிடித்து, வாராவாரம் நைலான் கயிறு அதன் விளிம்பைக் கடித்துத் தின்றால்? அந்தத் தூள் உங்கள் மூக்குக்குத்தான் வரும். ஏற்கெனவே உடைந்து கிடக்கும் துண்டுகளை இலை தள்ளும் காற்றூதியான ப்ளோவரால் ஊதுவது அதைவிட மோசம். அப்படிப்பட்ட வேலி ஓரத்தில் ஒரு சாண் அகலம் புல்லை விட்டுவிடுவேன், இல்லையென்றால் கையால் வெட்டுவேன். வீட்டுக்காரரிடம் காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்.

இந்த இடத்தில்தான் ‘கட்டுப்பாட்டு வரிசை’ என்று அதிகாரிகள் சொல்வது பயன்படும். பெயர் மிரட்டும், விஷயம் எளிது. முதலில் ஆபத்தையே இல்லாமல் ஆக்க முடியுமா என்று பார். முடியாவிட்டால் அதற்குப் பதிலாக வேறொன்றை வை, அல்லது ஆளிடமிருந்து பிரித்து வை. கையுறையும் கண்ணாடியும் எல்லாவற்றுக்கும் கடைசி. என் வாடிக்கையாளர் ஒருவர் வீட்டில் செங்குத்தான ஒரு மேடு இருந்தது. இரண்டு வருடம் அதில் மோவரைக் கயிறு கட்டி இறக்கி வெட்டினேன், நினைத்தால் இப்போதும் வெட்கம். பிறகு அந்த மேட்டில் புல்லை எடுத்துவிட்டுத் தரையோடு படரும் செடி நடச் சொன்னேன். எனக்கு மாதம் ஐம்பது டாலர் குறைந்தது. பரவாயில்லை.

பார்த்ததை எல்லாம் ஒரு வீட்டுக்கு ஒரு அட்டை என்று எழுதி வையுங்கள். கைபேசியில் குறித்தாலும் சரிதான். குழி தோண்டும் வேலை இருந்தால், ‘பிஃபோர் யூ டிக்’ சேவையில் முகவரியைக் கொடுத்தால் நிலத்தடிக் குழாய், கேபிள் வரைபடங்கள் இலவசமாக வரும்.

மூன்றாம் படி: காலையில் வண்டி ஏற்றும்போது

பிரேக் இல்லாத டிரெய்லரில் சுமையோடு சேர்த்து 750 கிலோதான் எல்லை. மோவர், எரிபொருள், வெட்டிய ஈரப் புல் என்று சேரும்போது நாம் நினைப்பதைவிட வேகமாக எடை ஏறும். பொருளைக் கட்டும் கயிற்றுக்கும் கணக்கு இருக்கிறது. முன்பக்கம் நகராமல் பொருளின் எடையில் 80 விழுக்காட்டையும், பக்கவாட்டிலும் பின்னாலும் 50 விழுக்காட்டையும் தாங்க வேண்டும். திடீர் பிரேக்கில் மோவர் முன்னால் வந்து மோதும் என்பதற்காக அந்த முதல் எண் பெரிதாக இருக்கிறது.

மோவரைத் தூக்கி இறக்காதீர்கள், சாய்வுப் பலகை வையுங்கள். நாளுக்குப் பன்னிரண்டு வீடு என்றால் இருபத்துநான்கு முறை ஏற்றி இறக்குகிறீர்கள். இந்தத் தொழிலில் முதுகு போனவர்களில் பாதிப் பேர் புல் வெட்டிப் போகவில்லை, டிரெய்லரில் போனது என்பது என் கணக்கு.

பெட்ரோல் சிவப்பு நிற, மூடி இறுகிய கேனில்தான். யூட்டின் பிளாஸ்டிக் விரித்த தட்டிலோ டிரெய்லரிலோ கேனை வைத்தபடியே பங்கில் நிரப்பக் கூடாது, நிலை மின்சாரம் பொறி தட்டும். தரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள். டூ-ஸ்ட்ரோக் கலவை 25:1 என்று சில இயந்திரங்களும் 50:1 என்று சிலவும் கேட்கும். கேன்மீது பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள், அவசரத்தில் மாறும்.

உடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. முழுக்கால் சட்டை, முழுக்கை, இரும்பு முனை பூட்ஸ், அகன்ற விளிம்புத் தொப்பி, பக்கமும் மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. சாலையோரப் புல்லை வெட்டும்போது மேலே பளிச்சென்ற மஞ்சள் அங்கி. செருப்போடு மோவர் தள்ளுபவரைப் பார்த்தால் நானே நிறுத்தித் திட்டுவேன்.

நான்காம் படி: ஐந்து நிமிட நடை

எஞ்சினைக் கிளப்பும் முன் புல்வெளியை முழுதாக நடக்க வேண்டும். போன வாரம்தானே வந்தோம் என்று விடக் கூடாது. இந்த வாரம் அங்கே ஒரு கோல்ஃப் பந்து, நாய் புதைத்த எலும்பு, கம்பித் துண்டு, ஸ்பிரிங்க்ளர் தலை எதுவும் இருக்கலாம்.

ஏன் இவ்வளவு பதற்றம் என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 18 அங்குல மோவரின் கத்தி நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றுகிறது என்று வையுங்கள். கத்தி நுனி ஒரு சுற்றில் போகும் தூரம் சுமார் 1.44 மீட்டர். பெருக்கிப் பார்த்தால் மணிக்குச் சுமார் 258 கிலோமீட்டர். ஒரு கூழாங்கல் அந்த வேகத்துக்கு அருகில் கிளம்பினால் கவண் கல் பிச்சை வாங்க வேண்டும்.

இங்கே ஓடும் விக்டா வகை மோவர்களில் நீளமான ஒற்றைக் கத்திக்குப் பதில் வட்டத் தட்டில் சின்னக் கத்திகள் ஆணியில் தொங்கும். கல்லில் பட்டால் பின்னால் மடங்கிக்கொள்ளும். 1952இல் சிட்னியின் கான்கார்டில் தன் வீட்டுக் கொட்டகையில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் செய்த முதல் இயந்திரத்துக்குப் பெட்ரோல் தொட்டியாக இருந்தது பீச் பழ டின். அந்த விக்டரின் பெயரில்தான் விக்டா. மடங்கும் கத்தி நல்ல ஏற்பாடுதான், ஆனால் தேய்ந்த ஆணியில் தொங்கும் கத்தி கழன்று பறக்கும். கத்தியை மாற்றும்போது ஆணியையும் நட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். மிச்சம் பிடிக்க இது இடம் இல்லை.

நடையின்போது குழந்தைகளும் நாயும் வீட்டுக்குள் போனதை உறுதி செய்துகொள்ளுங்கள். விப்பர் ஸ்னிப்பரின் கையேடுகள் சுற்றிலும் 15 மீட்டருக்குள் யாரும் இருக்கக் கூடாது என்கின்றன. புறநகர்த் தெருவில் 15 மீட்டர் காலியாகக் கிடைக்காது. அதனால் ஆள் நடந்துவந்தால் விசையை விட்டு நிற்பேன், அவர் தாண்டிப் போனதும் தொடர்வேன். ஒரு நாளில் இருபது முறை நிற்க வேண்டிவரும். சரி, நிற்கிறேன்.

ஐந்தாம் படி: இயந்திரம் ஓடும்போது

அடைப்பு எடுப்பதற்கு ஒரே ஒரு முறைதான் உண்டு. எஞ்சினை நிறுத்து. கத்தி முழுதாக நிற்கும் வரை காத்திரு. ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கி ஒதுக்கி வை. பேட்டரி மோவர் என்றால் பேட்டரியையும் சாவியையும் கழற்றிப் பையில் போடு. சாய்க்கும்போது கார்புரேட்டரும் காற்று வடிகட்டியும் மேலே பார்க்கட்டும், இல்லாவிட்டால் எண்ணெய் வடிகட்டிக்குள் இறங்கிவிடும். பிறகு ஒரு குச்சியால் எடு. கையால் அல்ல. கையுறை போட்ட கையாலும் அல்ல.

போன வருடம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் குனியப் போனதைப் பார்த்துச் சத்தம் போட்டேன்.

“அண்ணா, ஆஃப் பண்ணிட்டேன்ல?”

“வயரைக் கழட்டினியா?”

“ஒரு செகண்ட் வேலைதானே அண்ணா.”

என் பழைய கையுறையை யூட்டில் மாட்டி வைத்திருக்கிறேன். அதன் நடுவிரலைக் காட்டினேன். அதற்குப் பிறகு அவன் ஒரு குச்சியைத் தன் மோவர் கைப்பிடியில் ரப்பர் போட்டுக் கட்டி வைத்துக்கொண்டான். அந்த யோசனை எனக்கே தோன்றாதது. இப்போது என் மோவரிலும் ஒரு குச்சி உண்டு.

சரிவில் தள்ளும் மோவர் என்றால் குறுக்காகப் போங்கள். மேலும் கீழுமாகப் போனால், மேலே இழுக்கும்போது கால் வழுக்கி மோவர் உங்கள் மேல் வரும், கீழே தள்ளும்போது நீங்கள் அதன் மேல் போவீர்கள். உட்கார்ந்து ஓட்டும் ரைட்-ஆன் மோவருக்கு இது நேர் எதிர். அதை மேலும் கீழுமாகத்தான் ஓட்ட வேண்டும், குறுக்கே போனால் கவிழும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 15 டிகிரிக்கு மேல் ஓட்டாதே என்கிறார்கள். கைபேசியிலேயே சரிவு அளக்கும் வசதி இருக்கிறது, தரையில் வைத்துப் பார்க்கப் பத்து விநாடி. கவிழ்ந்தால் காக்கும் இரும்புச் சட்டகம் இருந்தால் சீட் பெல்ட் போடுங்கள். மடியில் குழந்தையை உட்கார வைத்து ஒரு சுற்று வருவது எந்த நாளிலும் கூடாது, வீட்டுக்காரர் எவ்வளவு கெஞ்சினாலும். மோவரைப் பின்னால் இழுக்கும்போது தலையைத் திருப்பிப் பாருங்கள். பாதம் மாட்டுவது அப்போதுதான்.

ஹெட்ஜ் என்ற செடிவேலியை வெட்டும் வேலையை ஏணியில் நின்று செய்வதை என்னால் முடிந்தவரை ஒழித்துவிட்டேன். இரண்டு கையும் இயந்திரத்தில், காலின் கீழே பூந்தோட்டத்து இளமண், எட்டிச் சாய்ந்த உடம்பு. விழுவதற்கு வேறென்ன வேண்டும்? நீளக் கம்பு ஹெட்ஜ் டிரிம்மர் வாங்கித் தரையில் நின்று வெட்டுகிறேன். உயரம் எட்டாத இடத்துக்கு அகலமான மேடை வைத்த ஏணி. ஆனால் நீளக் கம்பு புதிய ஆபத்து ஒன்றைக் கொண்டுவரும். மின்கம்பியிலிருந்து 3 மீட்டருக்குள் நீங்களோ உங்கள் கருவியோ போகக் கூடாது. கம்பின் நுனிக்கும் இது பொருந்தும். அதற்குள் கிளை இருந்தால் அது உங்கள் வேலை அல்ல, மின்கம்பி அருகில் வேலை செய்ய அனுமதி பெற்ற மரம் வெட்டுபவரின் வேலை. மின்வயரில் ஓடும் டிரிம்மருக்கு மின்கசிவுத் தடுப்பான் கட்டாயம். வயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள்.

எரிபொருள் தீர்ந்தால் சூடான எஞ்சினில் ஊற்றாதீர்கள். பத்து நிமிடம் ஆறட்டும், அந்த நேரத்தில் தண்ணீர் குடியுங்கள். ஊற்றிய இடத்திலிருந்து மூன்று மீட்டர் தள்ளிக்கொண்டு போய்க் கிளப்புங்கள்.

ஆறாம் படி: காதும் கையும்

வெட்டுக்காயம் உடனே தெரியும். காது போவது பத்து வருடம் கழித்து, ‘டிவி சத்தத்தைக் குறைங்க’ என்று மனைவி கத்தும்போதுதான் தெரியும். சட்டம் வைத்திருக்கும் எல்லை எட்டு மணி நேரத்துக்குச் சராசரி 85 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் தாங்கும் நேரம் பாதியாகும். 88இல் நான்கு மணி நேரம், 91இல் இரண்டு, 94இல் ஒன்று, 100இல் பதினைந்து நிமிடம். பெட்ரோல் மோவர் 90ஐத் தொடும். பெட்ரோல் ப்ளோவர் அதையும் தாண்டும். அதாவது காதை மூடும் இயர்மஃப் இல்லாமல் சில வீடுகள் முடிப்பதற்குள் அன்றைய பங்கு தீர்ந்துவிடும். பாட்டு கேட்கும் சின்ன இயர்ஃபோன் பாதுகாப்பு ஆகாது, சத்தத்தின்மேல் சத்தம் வைக்கிறது.

ஆள் வைத்திருந்து அவருக்கு அடிக்கடி காதுப் பாதுகாப்பு தேவைப்பட்டால், வேலைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் கேட்கும் திறன் சோதனை செய்ய வேண்டும், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. முதல் சோதனையை உங்களுக்கும் செய்துகொள்ளுங்கள். எனக்கு இடது காதில் மேல்ஸ்தாயி போய்விட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

குளிர்காலக் காலையில் விரல் நுனி வெளுத்து மரத்துப்போனால் அதிர்வின் வேலை. விப்பர் ஸ்னிப்பரை இறுக்கிப் பிடிக்காமல் பிடியுங்கள், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றுங்கள். நான் ப்ளோவரையும் ஹெட்ஜ் டிரிம்மரையும் பேட்டரிக்கு மாற்றிய பிறகு காதும் கையும் இரண்டுமே தேறின.

ஏழாம் படி: மருந்து அடிக்கும் நாள்

குளிர்காலக் கடைசியில் பிண்டி முள்ளுக்கும், நடைபாதை விரிசல் புல்லுக்கும் மருந்து கேட்பார்கள். நம் ஊர் நெருஞ்சிக்குப் பங்காளி மாதிரி காலைக் குத்துவது இந்த பிண்டி. லேபிளில் எழுதியிருப்பது அறிவுரை இல்லை, சட்டம். காசு வாங்கிக்கொண்டு மருந்து அடிப்பவருக்குப் பயிற்சித் தகுதி தேவை, வேலையைப் பொறுத்து உரிமமும் வேண்டும். உங்கள் வேலைக்கு எது பொருந்தும் என்று மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையத்திடம் கேட்டு உறுதி செய்த பிறகே தெளிப்பானைத் தொடுங்கள். தெளித்த விவரத்தை 24 மணி நேரத்துக்குள் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும்: என்ன மருந்து, எவ்வளவு, எங்கே, எப்போது, காற்று எந்தப் பக்கம்.

காற்று மணிக்கு 3 முதல் 15 கிலோமீட்டர் வரை இருக்கும்போது தெளிப்பது நல்லது. துளிக் காற்றும் இல்லாத அதிகாலை நல்லது என்று தோன்றும், ஆனால் அப்போது மெல்லிய துளிகள் தரையை ஒட்டி மிதந்து எங்கேயோ போகும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். மிச்ச மருந்தைக் கோக் பாட்டிலில் ஊற்றி யூட்டில் வைக்காதீர்கள். மருந்தை அதன் சொந்த டப்பாவில் மட்டும் வையுங்கள். தெளித்த உடுப்பைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். யாராவது குடித்துவிட்டாலோ கண்ணில் பட்டாலோ நச்சுத் தகவல் மையம் 13 11 26, நாள் முழுக்க எடுப்பார்கள்.

எட்டாம் படி: வெயில்

‘நம்ம தோலுக்கு ஒண்ணும் ஆகாது’ என்பது நம் ஆட்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு. கறுத்த தோலுக்குத் தோல் புற்றுநோய் குறைவு என்பது உண்மை, இல்லவே இல்லை என்பது உண்மை இல்லை. கண்ணுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது, வெயிலில் வருடக்கணக்காக உழைப்பவர்களுக்குக் கண்ணின் வெள்ளையில் சதை வளர்வதைப் பார்க்கிறோம். புற ஊதாக் குறியீடு 3ஐத் தொட்டால் பாதுகாப்பு தேவை. சிட்னி கோடையில் அது 11ஐத் தாண்டும். வெளியே போக இருபது நிமிடம் முன் எஸ்.பி.எஃப். 50 கிரீம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும்.

வெப்பம் அதைவிட உடனடி எதிரி. வேர்க்கும்போது 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர், அதாவது 200 மில்லி தண்ணீர். தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். மதியத்தில் ஒரேயடியாக இரண்டு லிட்டர் குடிப்பதும் உதவாது. நான் ஒரு பாட்டில் மோரும் கொண்டுபோவேன். வார நாட்களிலும் சனியிலும் காலை 7 மணிக்கு முன், ஞாயிறும் பொது விடுமுறையும் 8 மணிக்கு முன் இயந்திரச் சத்தம் வீடுகளுக்குள் கேட்கக் கூடாது என்பது இங்கே விதி. கோடையில் ஏழு அடித்ததும் தொடங்கிப் பகல் பன்னிரண்டுக்குள் முடியும்படி வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

உடன் வேலை செய்பவர் சம்பந்தமில்லாமல் பேசினால், தள்ளாடினால், சோம்பல் என்று நினைக்காதீர்கள். அது வெப்பத் தாக்காக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். அவசர எண் 000ஐக் கூப்பிட்டு, நிழலில் கிடத்தி, உடுப்பைத் தளர்த்தி, நனைத்து விசிறுங்கள்.

ஒன்பதாம் படி: மண்ணும் அதில் வாழ்பவையும்

தொட்டி மண் பையில் லெஜியோனெல்லா லாங்பீச்சே என்ற கிருமி இருக்கலாம். தூசியோடு உள்ளே போனால் கடுமையான நிமோனியா வரும். பையை முகத்துக்கு அருகில் வைத்துக் கிழிக்காமல், தள்ளிப் பிடித்து மெதுவாக வெட்டி, முதலில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். முகக்கவசம், கையுறை, வேலை முடிந்ததும் கைகழுவல். பையின்மேலேயே இந்த எச்சரிக்கை அச்சாகி இருக்கும், யாரும் படிப்பதில்லை. தோட்ட மண்ணில் குத்திய முள்ளுக்கு டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். நினைவில் இல்லை என்றால் மருத்துவரிடம் போக நேரம் ஆகிவிட்டது.

அரளியை வெட்டினால் கொளுத்தாதீர்கள், அதன் புகையும் விஷம். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் இங்கே பிறந்த உதவியாளருக்குச் சொல்லித்தர வேண்டும்.

சிட்னியில் ஃபனல்-வெப் சிலந்தி உண்டு. கல்லுக்கு அடியில், கட்டைக்கு அடியில், வெளியே விட்ட பூட்ஸுக்குள். வெறுங்கையை எதற்குள்ளும் விடாதீர்கள். அது கடித்தாலும் பாம்பு கடித்தாலும் முதலுதவி ஒன்றுதான்: கடிவாயைக் கழுவாமல், அகலமான எலாஸ்டிக் பட்டையால் கடிவாயில் தொடங்கி அந்தக் கை அல்லது கால் முழுவதும் இறுக்கிச் சுற்றி, குச்சி வைத்து அசையாமல் கட்டி, 000ஐக் கூப்பிட வேண்டும். கடிபட்டவரை நடக்க விடக் கூடாது. ஊரில் பார்த்தபடி மேலே கயிறு கட்டுவதும், கீறி இரத்தம் எடுப்பதும் வேண்டாம். ஃபனல்-வெப் கடிக்கு 1981இல் மருந்து வந்த பிறகு சாவு இல்லை, சரியான நேரத்தில் ஆஸ்பத்திரி போனால். முதுகில் சிவப்புக் கோடு உள்ள ரெட்பேக் சிலந்திக்கு மட்டும் பட்டை சுற்றக் கூடாது, வலி கூடும். ஐஸ் வைத்து மருத்துவரிடம் போங்கள்.

பத்தாம் படி: விபத்து நடந்துவிட்டால்

முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்டர் மட்டும் வைத்துப் பயன் இல்லை. பெரிய அழுத்தக் கட்டு, மூன்று அகல எலாஸ்டிக் பட்டை, கண் கழுவும் உப்புநீர், சுத்தமான பிளாஸ்டிக் பை. விரல் துண்டானால் காயத்தை அழுத்திக் கட்டுங்கள். துண்டான பகுதியைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றிப் பையில் போட்டு இறுக மூடி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேராகச் சதையில் படக் கூடாது.

சாவு, உறுப்பு துண்டாதல், கண்ணில் பெரிய காயம், ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கும்படியான காயம் என்றால் உடனடியாக மாநில வேலையிடப் பாதுகாப்பு அமைப்பான சேஃப்வொர்க் நியூ சவுத் வேல்ஸுக்கு 13 10 50இல் சொல்ல வேண்டும். காயப்பட்டவருக்கு உதவுவதைத் தவிர, அதிகாரி சொல்லும் வரை இடத்தைக் கலைக்கக் கூடாது. மோவரைக் கழுவிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பதிவை 5 வருடம் வைத்திருக்க வேண்டும். ஆளுக்குக் காயம் என்றால் காப்பீட்டு நிறுவனத்துக்கு 48 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும்.

தப்பிப் பிழைத்தவற்றையும் எழுதுங்கள். கையுறை கிழிந்த அன்று நான் எதையும் எழுதவில்லை. இப்போது இருபது டாலர் நோட்டுப் புத்தகம் ஒன்று யூட்டில் இருக்கிறது. தேதி, வீடு, என்ன ஆயிற்று, எதை மாற்றினேன், நான்கு வரி போதும். வீட்டு முகவர்கள் கேட்கும் ‘பாதுகாப்பு வேலைமுறை அறிக்கை’ சட்டப்படி அதிக ஆபத்துள்ள கட்டுமான வேலைக்குத்தான் கட்டாயம், ஆனாலும் கேட்பார்கள். இணையத்தில் கிடைக்கும் யாருடையதையோ நகல் எடுத்துக் கொடுக்காமல், இந்த நோட்டிலிருந்து எழுதிக் கொடுத்தால் உங்கள் மோவரும் உங்கள் சரிவும் அதில் இருக்கும்.

தனியாக வேலை செய்தால் கைபேசி யூட்டில் அல்ல, உடம்பில் இருக்கட்டும். காலையில் அன்றைய முகவரி வரிசையை வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். என் யூட்டின் வெயில் மறைப்பில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது: 000, 13 11 26, 13 10 50, என் இரத்த வகை, மனைவியின் எண். அதன் கீழே காலியாக ஒரு வரி. ஒவ்வொரு வீட்டிலும் இறங்கும் முன், அங்கே தெரு எண்ணையும் அருகில் உள்ள குறுக்குத் தெருவின் பெயரையும் பென்சிலால் எழுதுவேன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்பவர் நானாக இருக்க மாட்டேன் என்பதால்.